எந்தச் சமாளிப்பு?

செப்டம்பர் 25, வெள்ளி இரவு

அன்புள்ள வாலு,

இந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வராமல் கீழ் வீட்டுத் தையல் அத்தை முகவரிக்கு ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா கையில் கிடைக்கக் கூடாது. அத்தை ஏதாவது கேட்டால், அக்கா சட்டைக்கு அளவு எழுதி அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளி.

நான் காலணி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படுக்கைக் கூடத்தில் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். இங்கே மட்டும் சுவரில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியும். விடுதிப் பெண்கள் எல்லாருடைய ஷூக்களும் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. நாற்றம் பழகிவிட்டது. வார்டன் அம்மா இடுப்பில் எப்போதும் சாவிகள் தொங்கும், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. அந்தச் சத்தம் கேட்டால் பேனாவை மறைத்துவிட்டு ஷூ துடைப்பது போல் நடிக்க வேண்டும். இடது கையில் ஒரு ஷூவைத் தயாராகப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் அதனால்தான்.

விஷயம் இதுதான். அடுத்த வருடம் உன்னையும் இந்தப் பள்ளியில் சேர்க்கப் போவதாக அப்பா எழுதியிருக்கிறார். நவம்பரில் பெற்றோரை வரச் சொல்லிப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாள் இருக்கிறது, அதற்கு உன்னையும் கூட்டி வருவாராம். வாலு, வேண்டாம். அதற்குள் போகமாட்டேன் என்று சொல்லிவிடு. வயிற்றுவலி, பயம், எதையாவது சொல்லு. உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நீ வீட்டில் கேட்கிற கடிதமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். அன்று காலை எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்கு எழுத வேண்டும். சாவிக்கொத்து வாங்கிப் படித்த பிறகுதான் உறையில் போடுவார். எழுத்துப்பிழை பார்ப்பதற்காம். போனில் பேசுவதென்றால் அலுவலகத்தில், இரண்டு பேர் பக்கத்தில் இருக்கும்போது. வெளியிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் பிரிக்க மாட்டார்கள், அதனால் நீ பயப்படாமல் எழுது. இதை நாளைக்கு ஊர்ப் பொது நூலகத்துக்குக் கூட்டிப்போகும்போது அதன் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவேன்.

ஏன் வேண்டாம் என்று கேட்பாய். சூப் ஆறிப்போய் வருகிறது. குளியலறைக்கு வரிசை. இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கே தோன்றுகிறது. சரியான காரணத்தை எழுத வரவில்லை. என்னை நம்பு. யாரிடமும் சொல்லாதே.

பெரியவள்


அக்டோபர் 4

அக்கா,

அன்புள்ள என்று நான் போடவில்லை. கவனித்தாய் அல்லவா?

புதுப் பெட்டி உனக்கு. புது ஷூ உனக்கு. ரயிலடியில் அம்மா அழுததும் உனக்கு. இப்போது நான் வரலாம் என்றால் மட்டும் சூப் ஆறிப்போய்விட்டதா? சூப்பை நான் ஊதிக்கூடக் குடிக்க மாட்டேன், ஆறியதுதான் எனக்குப் பிடிக்கும். இதுகூட உனக்கு மறந்துவிட்டது.

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் வந்தால் இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணுகிற மனுஷன் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார் என்று தையல் அத்தை கிண்டல் செய்வாரே, அந்த மூன்று மாடியையும் அப்பா ஓட்டமாக ஏறி வருகிறார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “லெட்டர் வந்துச்சா?” சாப்பிடும்போது சத்தமாகப் படிப்பார். மறுநாள் சட்டைப் பையில் வைத்துப் பட்டறைக்கு எடுத்துப்போவார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் நீ எந்தக் கிழமை நீச்சலுக்குப் போகிறாய் என்று தெரியும். போன வாரம் நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பெரியவ எழுதியிருக்கா பாருய்யா, சமாளிக்கிறேன்ப்பான்னு. அந்த மாதிரி எடத்துல போய்ச் சமாளிக்கிறான்னா சும்மாவா?”

ஒவ்வொரு கடிதத்திலும் சமாளிக்கிறேன், சமாளிக்கிறேன் என்று நீதானே எழுதினாய்? அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்றா?

உன் பள்ளியைப் பற்றிப் படம் போட்டுக் கொடுத்த புத்தகத்தில் குதிரை இருக்கிற பக்கத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மேலே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் என் போட்டோவை ஒட்டிவிட்டேன். ரொம்பப் பொருத்தம். கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம்.

நீ பொறாமைக்காரி. நல்லது எல்லாம் உனக்கு மட்டும் இருக்க வேண்டும்.

உன் கட்டிலில் அம்மா இப்போது துவைத்த துணியை மடித்து வைக்கிறாள். ராத்திரி நான் ஏதாவது சொன்னால் துணி பதில் சொல்வதில்லை.

வாலு என்றும் போட மாட்டேன்


அக்டோபர் 16, வெள்ளி இரவு

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். கழுத்து நீளம் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், வெளியே நின்றவள் கதவைத் தட்டினாள். துணி பதில் சொல்லாத இடத்தில் சிரிக்கவில்லை.

முதலில் குதிரை. குதிரை இருக்கிறது. பழுப்பு நிறம், வயதானது, அதனால் எல்லாரும் அதைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுகிறோம். எங்கள் வகுப்புக்கு முறை மாதத்தில் ஒரு நாள். அன்று மழை வந்தால் அடுத்த மாதம். நான் ஒரு தடவை ஏறினேன். பாதி மைதானம் போனதும் பெரியவர் நின்று புல் மேய ஆரம்பித்துவிட்டார். நான் மேலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். மணி அடித்ததும் இறக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் என் குதிரை சவாரி.

இதைப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் புத்தகத்தில் போட்டிருப்பது எல்லாம் இங்கே இருக்கிறது. நீச்சல்குளம் இருக்கிறது, ஆளுக்கொரு நுண்ணோக்கி இருக்கிறது, நூலகத்தில் ஏணி போட்டு எடுக்கும் அளவுக்குப் புத்தகம் இருக்கிறது. யாரும் அடிப்பதில்லை, திட்டுவதுகூட அபூர்வம். படம் எதுவும் பொய் இல்லை, வாலு. அந்தப் படத்தில் நாம் யாராக இருப்போம் என்பதைத்தான் நாமாகவே நினைத்துக்கொண்டோம். நீ குதிரை மேல் இருப்பவளுக்கு உன் முகத்தை ஒட்டினாய். நானும் அதைத்தான் செய்தேன், பசை மட்டும் இல்லை.

பழைய பள்ளியில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் என் கை மேலே இருக்கும். இங்கே நான் கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் நாலு பேர் பதில் சொல்லி, அந்தப் பதில் சரியா என்று ஒரு விவாதமும் நடந்து முடிந்துவிடுகிறது. கணக்கில் நான்கு பிரிவு. நான் மூன்றாவது. முதல் பிரிவை வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். நான்காம் பிரிவுக்குச் சாயங்காலத்தில் ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். மூன்றாம் பிரிவை யாரும் ஒன்றும் செய்வதில்லை. நாங்கள் அமைதியாக இருக்கிறோம், அதனால் நன்றாக இருக்கிறோம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்துக் கட்டில்காரி ரொம்ப உயரம், ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். கேலி செய்தால் என்ன திருப்பிச் சொல்வது என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவள் “ஓ” என்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள். யோசித்து வைத்தது எல்லாம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

அழ வேண்டும் என்றால் பியானோ அறைக்குப் போக வேண்டும். ஒரு கையால் எதையாவது தட்டிக்கொண்டே அழலாம், வெளியே தெரியாது. சில நாள் அங்கேயும் வரிசை.

போன வாரம் வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார். “வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம். சில பிள்ளைங்களுக்கு வேற மாதிரி ஸ்கூல் பொருந்தும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நுழைவுத் தேர்வில் தேறினேன் என்று அப்பா கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டிச் சொன்னாரே. அத்தனை கதவையும் அவர் மறுபடி எப்படிக் கடந்து மேலே ஏறுவார்?

இப்போது என்னைப் பார்த்துவிட்டுத்தான் உன்னை அனுப்பப் போகிறார். இல்லாத ஒருத்தியைப் பார்த்து. அதுதான் காரணம். போன தடவை எழுத வராதது இதுதான்.

பெரியவள்


அக்டோபர் 25

அக்கா,

உன் கடிதத்தை நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரியவர் புல் மேய்ந்தது உண்மையாகத்தான் இருக்கும். அப்படிப் பொய் சொல்ல உனக்கு வராது.

ஆனால் இப்போது வீட்டில் உன்னால் ஒரு சண்டை. அதைக் கேள்.

நேற்று அம்மா ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல உன் கடிதத்தைப் படித்தார். சமாளிக்கிறேன் என்ற இடம் வந்ததும் அம்மாவின் சீப்பு நின்றுவிட்டது.

“எத்தன லெட்டரா இதே சொல்லு வருது?”

“எந்தச் சொல்லு?”

“சமாளிக்கிறேன்.”

“நல்ல சொல்லுதானே? எங்க வேலையில ஒரு புது ஆள முதல் தடவ தனியா மேல லிஃப்ட் மோட்டார் ரூமுக்கு அனுப்பறோம். எறங்கி வந்து, சமாளிச்சுட்டேண்ணேன்னு சொன்னா அதுக்கு மேல என்ன வேணும்? அன்னிக்குத்தான் அவன் மெக்கானிக்.”

அம்மா சொன்னாள்: “எங்க வார்டுல ஒரு பேஷன்ட்டப் பத்தி, சமாளிக்கிறார்னு சொல்லிட்டுப் போனா, அடுத்து ட்யூட்டிக்கு வர்றவ கைப்பையக்கூட வெக்காம நேரா அந்தக் கட்டிலுக்குத்தான் போவா. தேறிட்டவங்கள அப்படிச் சொல்ல மாட்டோம். தூங்கறார், சாப்பிட்டார், சண்ட போடறார், இப்படித்தான் சொல்வோம்.”

“உனக்கு எல்லாரும் பேஷன்ட்டு.”

“உங்களுக்கு எல்லாரும் மெக்கானிக்கு.”

அவர்கள் தட்டில் இருந்த முட்டையை எல்லாம் நான் எடுத்துச் சாப்பிட்டேன். அதுகூடத் தெரியவில்லை. அம்மா போகும்போது கதவைச் சாத்தியதில் தையல் அத்தை கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அதனால் நீ சொல்லு. எந்தச் சமாளிப்பு? அப்பாவுடையதா, அம்மாவுடையதா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் எழுது. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் வாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வாலு


அக்டோபர் 30, வெள்ளி இரவு

வாலு,

அம்மாவுடையது.

எழுதிவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வந்த புதிதில் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மளமளவென்று எழுதுகிறார்கள், என் தாள் வெள்ளையாக இருக்கிறது. சாவிக்கொத்து குனிந்து பார்த்து, “வீட்ல கவலப்படற மாதிரி இல்லாம நாலு வரி எழுதும்மா,” என்றார். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுத முடியாது. நடுவில் ஒரு சொல் தேடினேன். சமாளிக்கிறேன் கிடைத்தது. பொய் சொல்லவில்லை என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. அப்பா அதற்குள் இவ்வளவு படிப்பார் என்று நினைக்கவில்லை.

நேற்று இரவு மாட்டிக்கொண்டேன். சாவிச் சத்தமே கேட்கவில்லை, அவர் கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். “இந்த நேரத்துல ஷூவா?” என்றார். ஆமாம் மேடம், அழுக்கு என்றேன். என் கையிலிருந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது உன்னோடது இல்லையே.” உன் கடிதம் சட்டைக்குள் இருந்தது, மூச்சு விட்டால் தாள் சரசரக்கும், அதனால் மூச்சு விடவில்லை. “போய்ப் படு,” என்று சொல்லிவிட்டு அந்த ஷூவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. இதை வேகமாக எழுதுகிறேன்.

நீங்கள் வருகிற அன்று எல்லாம் பளபளவென்று இருக்கும். நீச்சல்குளத்தைப் பார்த்து அம்மா அசந்துபோவாள். போகட்டும், அது நிஜமாகவே நல்ல குளம். அப்பா நுண்ணோக்கியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்பார், கையைப் பிடித்துக்கொள். அவர்கள் காட்டுவதை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, அவர்கள் காட்டாததைக் கேள். உடம்பு சரியில்லாதவர்கள் படுக்கும் அறை எங்கே, அங்கே இரவில் யார் இருப்பார்கள். முதலாவதாகவும் வராமல், கடைசியாகவும் வராமல் இருக்கிற பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பெண் வாயைத் திறக்காமலே இருந்தால் எத்தனை நாளில் கண்டுபிடிப்பீர்கள். என்னால் கேட்க முடியாது. நான் அன்று வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டும் வரிசையில் இருக்கிறேன். சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் பிரிவு விஷயத்தை அப்பாவிடம் சொல்லாதே. அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் தெரியக் கூடாது. திரும்பப் படித்தால் எனக்கே புரியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

பெரியவள்


நவம்பர் 16

அக்கா,

ரயிலில் வரும்போதே இதை எழுத வேண்டும் என்று இருந்தது. அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். சரி, உனக்கு ஒரு மார்க்.

பெரிய ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து, தலைமையாசிரியை பேசி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டார். நீ வாசல் பக்கம் சிலை மாதிரி நின்றாய், அதனால் உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. முன்வரிசைக்காரர்கள் எல்லாம் எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்றே கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அம்மா இழுத்தாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“மிஸ், நடுவுல இருக்கற பிள்ளைக்கு என்ன ஆகும்?”

ஹாலே சிரித்தது. எங்கே நடுவில் என்று ஒருவர் கேட்டார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “நல்ல கேள்வி. முன்னாடி ஓடறவங்களும் எங்க கண்ணுல படுவாங்க, விழுந்தவங்களும் படுவாங்க. நடுவுல பேசாம நடக்கற பிள்ளைய நாங்க தவறவிட்டிருக்கோம். இந்த ஸ்கூல் எல்லாத்தையும் பாத்துக்கும்னு நெனச்சு அனுப்பாதீங்க. உங்க பிள்ளைக்கு வாயத் திறந்து கேக்க வருமான்னு பாத்துட்டு அனுப்புங்க. வராதுன்னா, நீங்க எங்ககிட்ட சொல்லுங்க.”

அவ்வளவு நேராகச் சொன்னார், அக்கா. அம்மா என்னைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அப்பா பள்ளிப் புத்தகத்தைச் சுருட்டிச் சுருட்டிக் குழல் மாதிரி ஆக்கிவிட்டார்.

பிறகுதான் வாசலில் உன்னிடம் வந்தோம். அப்பா அன்று உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சமாளிக்கிறியாம்மா?”

நீ என்ன சொன்னாய்?

“சமாளிக்கிறேன்ப்பா.”

பல் தெரியச் சிரித்துக்கொண்டு. சட்டையில் வழிகாட்டி என்று எழுதிய அந்த அட்டையைக் குத்திக்கொண்டு. நான் உன் ஷூவை மிதித்தேன், நீ காலை நகர்த்திக்கொண்டாய். எனக்கு அம்மாவுடையது என்று எழுதுவாய், அவர் முகத்துக்கு நேராக அவருடையதைச் சொல்வாயா?

ரயிலில் அம்மா சொன்னாள்: “ஒவ்வொரு லிஃப்டுலயும் எத்தன பேர் ஏறலாம்னு பலக மாட்டறீங்களே, நம்ம பொண்ணு மேல எவ்வளவு ஏத்தலாம்னு என்னிக்காவது பாத்தீங்களா?” “அவளே சமாளிக்கிறேன்னு சொன்னாளே,” என்றார் அப்பா. அம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. அம்மாவின் வாய் அடைபட்டது யாரால்? உன்னால்.

என் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். நான் எதையும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே. நீ சொன்னால் உண்டு. இல்லையென்றால் நான் வருவேன். குதிரைக்காக இல்லை. நான் வர நினைத்தது வேறு காரணத்துக்கு, அதை எழுத மாட்டேன். வந்தால் உன் பியானோ அறை வரிசையில் உனக்குப் பின்னால் நிற்கப் போகிறேன், தெரிந்துகொள்.

வாலு


நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள வாலு,

இதை நம் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். இது ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். வார்டன் அம்மா முதலில் படிப்பார். பிறகு அப்பா சாப்பிடும்போது சத்தமாகப் படிப்பார். இரண்டு பேரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்பா எந்த வரியையும் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் எடுத்துக்கொடு.

எல்லாரும் எழுதுகிறார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அப்பா, நான் கணக்கில் மூண்றாம் பிரிவில் இருக்கிறேன். அறிவியலில் பரவாயில்லை. வருடக் கடைசியில் வேறு பள்ளி பொருந்தும் என்று உங்களுக்கு எழுதினாலும் எழுதுவார்கள். இதுவரை நான் எழுதிய சமாளிக்கிறேன் எல்லாம் நீங்கள் பட்டறையில் சொல்லும் சமாளிப்பு இல்லை. அம்மா வார்டில் சொல்வது. அன்று வாசலில் நீங்கள் கேட்டபோதும் அதுதான். உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வரவில்லை. வாலு என் காலை மிதித்தாள், அப்போதும் வரவில்லை.

வார்டன் அம்மா, நான் இரவில் காலணி அறையில் ஷூ துடைக்கவில்லை. தங்கைக்குக் கடிதம் எழுதினேன். இங்கே உட்கார்ந்தால் எனக்கு உண்மை வருவதில்லை.

இது நல்ல பள்ளி. முதல் பிரிவுப் பெண்களைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. ஆனால் கேட்டால்தான் தரும் பள்ளி. நம் வீட்டில் கேட்க வேண்டியதில்லை, அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் கேட்பது எப்படி என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. இங்கே வந்த பிறகு அதுதான் எனக்கு எல்லாப் பாடத்தையும்விடக் கஷ்டமான பாடமாக இருக்கிறது. இந்தக் கடிதம் அதில் என் முதல் பரீட்சை.

என்னைப் பார்த்து வாலுவை அனுப்பாதீர்கள். அவளை அனுப்புவதென்றால் அவளைப் பார்த்து அனுப்புங்கள். அவளிடம் கேளுங்கள். அவளுக்கு வாய் இருக்கிறது, ஹாலே பார்த்ததே.

நான் திரும்பி வருகிறேன் என்று கேட்கவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டிலுக்கு யாராவது முதலில் வர வேண்டும், இப்போதைக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

வாலு, உன் காரணத்தை நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். துணியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு என் கட்டிலில் நீ படுத்துக்கொள்.

தாளை வாங்க வார்டன் அம்மா வருகிறார். கொடுத்துவிடப் போகிறேன்.

பெரியவள்


நவம்பர் 28

அன்புள்ள அக்கா,

அன்புள்ள போட்டிருக்கிறேன்.

கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்றாம் பிரிவு என்ற இடத்தில் அப்பா நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி அந்த வரியை ஆரம்பித்தார், மறுபடியும் நின்றுவிட்டார். அம்மா வாங்கி, வார்டில் சீட்டுப் படிப்பது மாதிரி ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் படித்தாள். நான் எடுத்துக்கொடுக்க வேண்டியே வரவில்லை. முடித்ததும் அப்பா எழுந்து கீழே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று மாடியும் மெதுவாக ஏறி வந்தார். தையல் அத்தை, “என்ன, இன்னிக்கு லெட்டர் வரலையா?” என்று கேட்டாராம். “வந்துச்சுக்கா. இன்னிக்குத்தான் வந்துச்சு,” என்று சொன்னாராம்.

உன் சாவிக்கொத்து சிவப்பு மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று உனக்குத் தெரியாதே. மூண்றாம் என்பதை அடித்து மூன்றாம் என்று திருத்தியிருக்கிறார். வேறு எதையும் தொடவில்லை. அடியில் இப்படி: “புதன் மாலை கணக்கு வகுப்பில் இடம் இருக்கிறது. மூன்றாம் பிரிவில் யாரும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் வேண்டாம் என்று இருந்துவிட்டோம். இந்த வாரமே சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் மகள் அன்று துடைத்துக்கொண்டிருந்த ஷூ என்னுடையது. மிகவும் சுத்தமாக இருக்கிறது.” அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அப்பா டிவி மேலிருந்து விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். “உனக்குப் போகணுமா?” இத்தனை நாளில் என்னிடம் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா இல்லாமல் இந்த வீடு போர் அடிக்கிறது, அதனால்தான் போகணும்னு சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். “அதுக்கு அவ்வளவு பெரிய ஸ்கூல் எதுக்கு?” என்றார். அடுத்த வருடம் மறுபடி கேட்கிறாராம். அதுவரை குதிரைப் பக்கத்தை நான் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இப்போது ஒரு சட்டம். சமாளிக்கிற சொல்லை யார் சொன்னாலும் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். அப்பாதான் தினமும் கழுவுகிறார்.

அம்மா ட்யூட்டி மாற்றிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை அங்கே வருகிறாள். கைப்பையைக்கூட வைக்காமல் நேராக உன் கட்டிலுக்குத்தான் போவாளாம். ஒட்டகச்சிவிங்கியிடம் சொல்லி வை, பயந்துவிடப் போகிறாள்.

அடியில் அப்பா ஒரு வரி எழுத வேண்டும் என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு சாப்பாடு ஆறும் வரை உட்கார்ந்திருந்தார். அதில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது, நான் திருத்தவில்லை.

வாலு

லிஃப்ட எந்த மாடியில வேணும்னாலும் நிருத்தலாம்மா. பட்டன் உள்ள இருக்கறவங்க பக்கம்தான் இருக்கு. அப்பா.